கூடாரத்துக்குள் தணல் வேண்டாம்: குளிர்கால முகாம் பற்றி வாசகர் கேள்விகள்

டெல்லியில் தீபாவளி முடிந்து ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போடும் சமயம் வந்துவிட்டால், மலைப்பக்கம் போவது பற்றிய கடிதங்களும் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை கூடாரத்தில் தங்குவது பற்றிக் கேட்டவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அதில் ஒன்று அமெரிக்காவில் வேட்டை முகாமுக்குப் போகிற குடும்பத்தைப் பற்றியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் குழந்தை குட்டிகளோடு காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி மான் வேட்டைக்குப் போவார்களாம். இந்த வருஷம் இவர்களும் கூடப் போகிறார்கள். நாங்கள் அப்போது அங்கே இருப்போம் என்பதால் எங்களையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு 64, வீட்டுக்காரருக்கு 69, அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 4. நாங்கள் சைவம், வேட்டையில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் அந்தக் குளிரில் குழந்தைகளைத் தனியே அனுப்ப மனசு வரவில்லை. போகலாமா? – வாசகி, மயூர் விஹார்

பதில்: போகலாம் அம்மா. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "ராத்திரி கூடாரத்தை எதை வைத்துச் சூடு பண்ணுவீர்கள்?" மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பக்கத்து வேட்டைக் குடும்பங்கள் பலரும் போடுவது நாம் மலையேற்றத்தில் பார்க்கும் சின்ன நைலான் கூடாரம் இல்லை. கெட்டியான கான்வாஸில், ஆள் நின்று நடமாடும் உயரத்தில், செங்குத்தான சுவர்களோடு ஓர் அறை அளவுக்கு இருக்கும். உள்ளே இரும்பு விறகடுப்பு வைத்து, அதன் குழாயைக் கூரையில் தீப்பிடிக்காத துணி வைத்துத் தைத்த ஓட்டை வழியாக வெளியே விட்டிருப்பார்கள். புகை வெளியேற வழி இருப்பதால் இது நம்பிப் படுக்கக்கூடிய ஏற்பாடுதான், ஆனால் குழாய் உச்சியில் தீப்பொறியைத் தடுக்கும் வலை, குழந்தைகள் நெருங்காதபடி அடுப்பைச் சுற்றி ஒரு தடுப்பு, வாசலோரம் தீயணைப்பான், வெளிக்காற்று வர ஒரு திறப்பு இவ்வளவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது அடுப்பு நிறைய விறகைத் திணித்து, காற்று போகும் வழியை அநேகமாக மூடி, விடியும்வரை கனன்றுகொண்டே இருக்கட்டும் என்று விடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். காற்று போதாமல் எரிகிற விறகுதான் கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கும். நெருப்பு தானாக அடங்கட்டும், விடியற்காலையில் ஒருவர் எழுந்து மறுபடி பற்றவைத்தால் போயிற்று.

மாப்பிள்ளை சொல்வது புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டர் என்றால், எல்லோரும் விழித்திருக்கும்போது, கூடாரத்தின் மேல் ஜன்னலும் கீழ்த் திறப்பும் திறந்திருக்க, கொஞ்ச நேரம் போட்டு நிறுத்திவிட வேண்டும். தூங்கும்போது கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் கருவி அதில் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம், ஆனால் அது பார்ப்பது ஆக்சிஜனை, கார்பன் மோனாக்சைடை இல்லை. எந்த அடுப்பானாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கும் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். மகளிடம் இன்றைக்கே வாங்கச் சொல்லுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி, இவைதான் அடையாளம், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கூடாரத்தில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் பயன்படாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அங்கே நவம்பரில் மலையில் ராத்திரி மைனஸ் 10 என்பது அபூர்வமில்லை, அதனால் மருந்துப் பையை பெட்டியிலோ காரிலோ விடாமல் பகலில் உள்சட்டைப் பக்கத்திலும் ராத்திரி தூங்கும் பைக்குள்ளும் வைத்துக்கொள்ளட்டும். ஊசி போடும் இடத்தில் தோலை ஒட்டி அழுத்தாமல் ஒரு துணியில் சுற்றி வைத்தால் போதும். சர்க்கரை பார்க்கும் மெஷினும் ரொம்பக் குளிர்ந்தால் வேலை செய்யாது, அதையும் கூடவே வைக்கட்டும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால் அவர் காலடியில் வெந்நீர்ப் பாட்டில் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். இருதயத் தொந்தரவும் இருக்கிறதென்றால் இங்கிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். குளிர் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அப்புறம் துப்பாக்கி. நீங்கள் இருவரும் விசிட்டர் விசாவில் போகிறவர்கள். அமெரிக்க மத்திய சட்டப்படி அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம், வேட்டை லைசென்ஸ் எடுத்தவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஆகவே யாராவது பிரியமாக "கையில் பிடியுங்கள் அங்கிள், ஒரு போட்டோ எடுக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகாமுக்குத் திரும்பும் ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டு எடுத்து, திறந்து காட்டி, பூட்டி வைக்கப்படுகிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல வேட்டைக்காரர் அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பேரனிடம் நான்கே வார்த்தை சொல்லி வையுங்கள்: நில், தொடாதே, விலகு, சொல்.

மொன்டானாவில் பெரிய மிருக வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமாவது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிகிற மாதிரி உடுத்த வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வேட்டையாடவில்லை, ஆனாலும் முகாமை விட்டு நாலடி நகர்ந்தாலும் நீங்களும் குழந்தைகளும் ஆரஞ்சு வெஸ்ட்டும் குல்லாவும் போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு புதர் பக்கம் ஒதுங்குவது ஆபத்து. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்த அரை மணி வரைக்கும் அங்கே சுட அனுமதி உண்டு, அதாவது அரையிருட்டிலும் சுடுவார்கள்.

கரடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேற்கு மொன்டானா மலைகளில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. நவம்பர் நடுவில்கூட எல்லாம் குகைக்குள் போய்ப் படுத்திருக்கும் என்று நம்பக் கூடாது. இறைச்சி வாசனைக்கு வரும், உங்கள் கைப்பையில் இருக்கும் முறுக்குக்கும் வரும். நம் வீட்டுப் பெண்கள் குழந்தைக்கு ராத்திரி பசித்தால் என்று தலையணைப் பக்கத்தில் பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ வைப்போமே, அதை அங்கே செய்யக் கூடாது. தின்பண்டம், பற்பசை, தைலம், மணக்கிற எதுவானாலும் கரடி திறக்க முடியாத பெட்டியிலோ, பூட்டிய வண்டியிலோ போய்விட வேண்டும். சமையலும் மாமிசம் தொங்கவிடுவதும் கூடாரத்திலிருந்து சுமார் 90 மீட்டராவது தள்ளி. கரடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் பெரியவர்கள் இடுப்பில் வைத்திருக்கட்டும், பையின் அடியில் கிடந்தால் உபயோகமில்லை.

மானை அறுப்பதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே சுத்தம் செய்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். அந்த நேரத்தில் பேத்தியை அழைத்துக்கொண்டு நீங்கள் கூடாரத்தில் இருந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: நம் ஊரிலும் குடும்பத்தோடு அப்படி வேட்டைக்குப் போக ஏதாவது அனுமதி வாங்க முடியுமா? என் நண்பர்கள் பணம் கட்டினால் முடியும் என்கிறார்கள். – ஜனக்புரி

பதில்: முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே தருவதில்லை. கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான், சிறையும் உண்டு. பணம் கேட்கிறவரை நம்பி ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் "மைனஸ் 10" என்று போட்ட தூங்கும் பை வாங்கினேன். உத்தராகண்டில் நாக் டிப்பா மலையில் மைனஸ் 2கூட இருக்காது, ராத்திரி முழுக்க நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா? – முனிர்க்கா

பதில்: அந்த மைனஸ் 10 எந்த மைனஸ் 10 என்று லேபிளில் பாருங்கள். முறையாகச் சோதித்த பைகளில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது கம்ஃபர்ட், சராசரிப் பெண் ஒருவர் சௌகரியமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது லிமிட், சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது எக்ஸ்ட்ரீம், அதாவது ஆறு மணி நேரம் உயிர் போகாமல் கிடக்கலாம் என்பது, தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது மூன்றாவதுதான். வாங்கும்போது கம்ஃபர்ட்டை மட்டும் பாருங்கள், போகிற இடத்தின் ராத்திரிக் குளிரைவிட ஐந்து டிகிரியாவது கீழே இருக்கட்டும். மூன்று எண்ணும் இல்லாமல் ஒரே எண் மட்டும் போட்ட பையை நான் வாங்க மாட்டேன்.

ஆனால் உங்களை நடுங்க வைத்தது பையாக மட்டும் இருக்காது என்பது என் கணிப்பு. கீழே என்ன விரித்தீர்கள்? தூங்கும் பை ஃபிளாஸ்க் மாதிரி, சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். உள்ளே இருக்கும் பஞ்சோ இறகோ உப்பி, நடுவில் காற்றைப் பிடித்து வைத்தால்தான் அந்த வேலை நடக்கும். உங்கள் முதுகுக்கு அடியில் அது உங்கள் எடையாலேயே நசுங்கிக் கிடக்கிறது, அங்கே பை இருந்தும் இல்லாததுதான். தரை நேராக முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும். அடிப்பாய்களுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, கூடக் கூட நல்லது. சாதாரண நுரைப்பாய் 2 பக்கத்தில் வரும், பனியில் படுக்க 5க்கு மேல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும் என்பதால் இரண்டு நுரைப்பாய் வாங்கிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காற்றடிக்கிற சாதாரண மெத்தையை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து உங்களையும் குளிர வைக்கும். மடக்குக் கட்டிலும் அப்படித்தான், அடியில் குளிர்காற்று ஓடும், அதன்மேலும் பாய் வேண்டும்.

பகலில் நடந்து வியர்த்த உடுப்போடு பைக்குள் போகாதீர்கள். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் குளிரும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், ஒரு தெர்மல், ஒரு குல்லா தனியாகப் பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும், அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. காஷ்மீரி கேட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் இதெல்லாம் சகாய விலைக்குப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்த்து கம்பளி எது, பாலியெஸ்டர் எது என்று கேட்டு வாங்குங்கள், குளிருக்கு இரண்டுமே பருத்தியைவிட மேல்.

கேள்வி: டிசம்பர் லீவில் ஒன்பதும் பன்னிரண்டும் வயதான பிள்ளைகளோடு உத்தராகண்டில் கூடார முகாமுக்குப் போகிறோம், முகாம்காரர்களே எல்லாம் தருகிறார்கள். ராத்திரி ரொம்பக் குளிராக இருந்தால் அங்கீட்டி (கரித்தணல் சட்டி) கொண்டுவந்து வைப்போம் என்று போனில் சொன்னார்கள். இங்கே வீட்டிலேயே சில பேர் வைத்துக்கொள்கிறார்களே, பரவாயில்லைதானே? – ஆர்.கே. புரம்

பதில்: பரவாயில்லை இல்லை. தயவுசெய்து வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சாப்பாடு முடிந்து வெளியே மூட்டிய நெருப்பு அடங்கும் நேரத்தில், முகாமில் வேலை செய்யும் பையன் ஒரு தகரச் சட்டியில் தணலை அள்ளிக்கொண்டு வருவான். புகையே இருக்காது. மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக, பார்க்கவே இதமாக இருக்கும். பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்களே என்ற நல்ல மனசில்தான் கொண்டுவருகிறான். புகை இல்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம், ஆனால் புகை நின்ற கரித்தணல்தான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க இழுத்து மூடியிருப்போம். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டி வைத்த அறையில் குடும்பமாகத் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்கள் பற்றிப் பேப்பரில் வருகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூருக்குப் போன கேரளக் குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர், அதில் நான்கு குழந்தைகள், கேஸ் ஹீட்டர் போட்டுப் படுத்த ஒரே அறையில் இறந்துபோனார்கள். கூடாரம்கூட இல்லை அது, விடுதி அறை.

காரில் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் இதே கதைதான், பனி மூடிப் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் புகை உள்ளே திரும்பும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீயில் பனியில் மாட்டிக்கொண்ட கார்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு இதுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

சரி, தணல் இல்லாமல் எப்படி? முகாம்காரரிடம் ஆளுக்கு இரண்டு ரஜாயும் அடியில் கெட்டி மெத்தையும் கேளுங்கள். ஒன்றை மேலே போர்த்தி, இன்னொன்றை மெத்தைமேல் விரித்துக்கொள்ளுங்கள். தூங்கும் முன் வயிறு நிறையச் சாப்பாடு, நெய் விட்ட கிச்சடியோ சப்பாத்தியோ, உடம்பு அதை எரித்துத்தான் சூடாகிறது. படுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை நன்றாகத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்து, கம்பளி சாக்ஸுக்குள் போட்டுப் படுக்கைக்குள் கால் பக்கம் தள்ளிவிடுங்கள். சூடு தாங்கும் டபுள் சுவர் பாட்டில் இதற்கு உதவாது, சூட்டை வெளியே விடாது. பிள்ளைகள் உள்ளே நுழையும்போது படுக்கை வெதுவெதுப்பாக இருக்கும். ராத்திரி ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் அந்த மலைகளில் சிறுத்தை உண்டு, தனியாக அனுப்பாமல் டார்ச்சோடு பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும், சாயங்காலம் மங்கும் நேரத்திலும் பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கட்டும்.

கூடாரத்தின் மேல் திறப்பை மூடாதீர்கள். மூச்சிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் உள்பக்கத் துணியில் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலையில் யாராவது தெரியாமல் இடித்தால் முகத்திலும் ரஜாயிலும் மழையாகக் கொட்டும். நனைந்த பஞ்சில் சூடு நிற்காது. மூக்கை ரஜாய்க்குள் புதைத்துத் தூங்குவதும் அதே ஈரத்தை உள்ளே விடுவதுதான், வாயும் மூக்கும் வெளியே இருக்க, குல்லா காதை மூடட்டும்.

எவ்வளவு குளிரும் என்று கணக்குப் போட, 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 மீட்டரில் இருக்கும் முகாம் ரிஷிகேஷைவிட 13, 14 டிகிரி குளிராக இருக்கும். புல்வெளியில் கூடாரம் என்று விளம்பரம் செய்தால், எந்தப் புல்வெளி என்று கேளுங்கள். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்கக் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இலேயே தடை போட்டிருக்கிறது.

கேள்வி: குளிருக்கு ஒரு வாய் பிராந்தி நல்லதுதானே? – பெயர் வேண்டாம்

பதில்: இல்லை. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தோன்றும், அந்தச் சூடு உடம்பின் உள்ளேயிருந்து வெளியே போகிற சூடு. நடுக்கமும் புத்தியும் இரண்டும் மந்தமாகும். சுக்குக் காபி குடியுங்கள்.

கேள்வி: குழந்தைக்குச் சாதாரணக் குளிரா, ஆபத்தான நிலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காதே. – வாசகி, லோதி காலனி

பதில்: நடுங்குகிறது, "குளிருதும்மா" என்று அழுகிறது என்றால் உடம்பு இன்னும் போராடுகிறது. ஈரத்தை மாற்றி, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுத்து, போர்த்தினால் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது குழந்தை சத்தமில்லாமல் ஆகும்போது. ஓடியாடிக்கொண்டிருந்தது ஓரமாக உட்கார்ந்துவிடும், பேச்சு குழறும், ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் ஒத்துழைக்காது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், தடுமாறி நடக்கும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே இது ஆரம்பித்துவிடும். சின்ன உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும், அதனால் உங்களுக்குக் குளிரவில்லை என்பதை வைத்துக் குழந்தையை மதிப்பிடாதீர்கள். நடுக்கம் நின்றுபோய், குழந்தை தூக்கக் கலக்கமாக இருந்தால் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிவிட்டது.

காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர உடுப்பை இழுத்துக் கழற்றாமல் கத்தரித்து எடுத்துவிட்டு, உலர்ந்த துணியில் சுற்றி, உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்து ஒரே பைக்குள் படுத்துக்கொள்ளுங்கள். கீழே பாய் இருக்கட்டும், தலைக்குக் குல்லா. கை காலைத் தேய்க்காதீர்கள், நம் பழக்கத்தில் உடனே அதைத்தான் செய்வோம், வேண்டாம். நெருப்புக்கு நேரே காட்டவும் வேண்டாம். நன்றாக விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பான சர்க்கரைப் பால். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், முடிந்தவரை அசைக்காமல் 112க்கு அடியுங்கள், அமெரிக்காவில் 911. சிக்னல் எங்கே கிடைக்கும் என்று முகாமுக்குப் போன முதல் சாயங்காலமே நடந்து பார்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையையும் பனியில் கூடாரத்துக்குக் கூட்டிப் போகலாமா? – துவாரகா

பதில்: இந்த வருஷம் வேண்டாம். அந்த வயதில் பெரியவர்களின் தூங்கும் பைக்குள் வைத்தால் மூச்சு முட்டும் அபாயம், வெளியே வைத்தால் குளிர். சூடேறிய அறை உள்ள விடுதியில் தங்கி, பகலில் வெயில் நேரத்தில் பனியைக் காட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: சின்ன கேஸ் அடுப்பு சாயங்காலம் நன்றாக எரிகிறது, விடியற்காலையில் பற்றவே மாட்டேன் என்கிறது. கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பற்றவைத்தால் எரிகிறது. – ரோகிணி

பதில்: உள்ளே பற்றவைப்பதை முதலில் நிறுத்துங்கள், நைலான் பிடித்துக்கொண்டால் ஜிப்பைத் தேடக்கூட நேரம் இருக்காது. உங்கள் டப்பாவில் இருப்பது சாதாரண பியூட்டேனாக இருக்கும். அது மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும், அதனால்தான் பர்னருக்கு வருவதில்லை. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பா வாங்குங்கள், ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரைக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். அது கிடைக்கும்வரை, ராத்திரி அடுப்பிலிருந்து கழற்றிய டப்பாவை, கசிவு இல்லை என்று காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் ஜாக்கெட்டுக்குள் கதகதப்பாக வைத்திருந்து, வெளியே காற்று மறைவான இடத்தில் ஒரு பலகைத் துண்டின்மேல் வைத்துப் பற்றவையுங்கள். டப்பாவைத் தீயில் காட்டியோ கொதிக்கும் நீரில் வைத்தோ சூடாக்காதீர்கள்.